டை-இன் நாவல்களைப் படிக்காமலே ஒதுக்காதீர்கள்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அறிவியல் புனைகதை வாசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு படத்தையோ தொடரையோ ஒட்டி எழுதிய 'டை-இன்' நாவல் ஒன்றை அலமாரியிலிருந்து உருவுவார்கள். அட்டையின் உச்சியில் ஒரு படத்தின் பெயரோ தொலைக்காட்சித் தொடரின் பெயரோ கொட்டை எழுத்தில் இருக்கும். எழுத்தாளரின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பெயர் வரை கண் போகாது; புத்தகம் திரும்பவும் அலமாரிக்கே போய்விடும். "இதெல்லாம் காசுக்காக எழுதுறது" என்று ஒரு வரி. அதோடு விமர்சனம் முடிந்தது.

நானும் பல வருடம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். என்னை மாற்றியது ஒரு நீர்மூழ்கிக் கப்பல்.

1966-இல் 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' என்றொரு படம் வந்தது. மூளையில் ரத்தக்கட்டியோடு கிடக்கும் ஒரு விஞ்ஞானியைக் காப்பாற்ற, ஒரு கப்பலையும் அதிலிருக்கும் ஐந்து பேரையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, ஊசி வழியாக அவர் ரத்தத்துக்குள் செலுத்துகிறார்கள். 60 நிமிடம்தான் கெடு. அதற்குள் வெளியே வராவிட்டால் எல்லாமே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கடைசியில் நான்கு பேர் கண்ணீர்த் துளி வழியாகத் தப்பி வந்துவிடுகிறார்கள். கப்பலை, அதில் சிக்கிய ஒருவரோடு சேர்த்து, ஒரு வெள்ளை அணு விழுங்கிவிடுகிறது, அது உள்ளேயே கிடக்கிறது. விழுங்கினால் என்ன, நொறுங்கினால் என்ன, அந்த உலோகம் பழைய அளவுக்கு வளரத்தானே செய்யும்? அந்த நோயாளி என்ன ஆவார்? படம் அதைப் பற்றி வாயே திறக்காது.

அந்தத் திரைக்கதையை நாவலாக்கும் வேலையை ஏற்றவர் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ். இந்த ஓட்டை அவர் கண்ணில் பட்டது. அப்படியே விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நாவலில், கப்பலை விழுங்கிய அந்த வெள்ளை அணுவையே தங்களைத் துரத்தி வரும்படி செய்து, கண் வரை இழுத்து வந்து, தங்களோடு சேர்த்து வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். படிப்பதற்குச் சில பக்கங்கள்தான். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது: ஏனோதானோ என்று வேலையை முடித்துக் கொடுப்பவர் இதற்காக மெனக்கெட மாட்டார். அட்டையில் படத்தின் பெயர் இருந்ததற்காக இப்படி எத்தனை புத்தகங்களைத் தள்ளிவிட்டோமோ என்று அன்றைக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. புதிதாகப் படிக்க வருகிற உங்களுக்கு அந்த வருத்தம் வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டை-இன் நாவல் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே இருக்கும் படம், தொடர், வீடியோ கேம் ஆகியவற்றின் உலகத்தில், உரிமையாளரின் அனுமதியோடு இன்னொருவர் எழுதும் நாவல். ரசிகர்கள் தங்கள் ஆசைக்கு எழுதும் கதைகள் இதில் சேராது.

முதல் வேலை: நினைப்பதை ஒரு சீட்டில் எழுதுங்கள்

"முன்முடிவோடு படிக்காதே" என்று சொல்வது சுலபம். யாராலும் முடியாது. ஒரு தொடரைப் பத்து வருடம் பார்த்தவருக்கு அதன் நாவலைப் பற்றி ஓர் எண்ணம் இருக்கத்தான் செய்யும். அதனால் நான் கேட்பது வேறு. புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதுங்கள். இது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? அந்த எண்ணம் நீங்களே படித்து வந்ததா, யாரோ சொல்லி வந்ததா? சீட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செருகி வையுங்கள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். நான் முதன்முதலில் இப்படி எழுதியபோது, என் எண்ணங்களில் ஒன்றுகூட நானே படித்து வந்ததாக இல்லை. எல்லாமே கேள்விப்பட்டவை.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் புனைகதையே ஒரு காலத்தில் இதே மாதிரி படிக்காமல் ஒதுக்கப்பட்டதுதான். இலக்கிய விமர்சகர்கள் அதன் மோசமான மாதிரிகளை எடுத்துக்காட்டி மொத்தத்தையும் குப்பை என்றார்கள். அதற்குப் பதில் சொன்னவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜன். அறிவியல் புனைகதையில் 90 சதவீதம் குப்பை என்றால், எந்தத் துறையை எடுத்தாலும் 90 சதவீதம் குப்பைதான் என்பது அவர் வாதம். 'ஸ்டர்ஜன் விதி' என்று இன்றைக்கும் ரசிகர்கள் அதை எடுத்துச் சொல்கிறார்கள். அதே ரசிகர்கள் டை-இன் நாவல் என்று வந்ததும், தங்களை அன்று புண்படுத்திய அதே அளவுகோலைக் கையில் எடுக்கிறார்கள். இது எனக்கு மனதுக்கு ஒப்பவே இல்லை. அந்த ஸ்டர்ஜன், 1961-இல் வந்த 'வாயேஜ் டு தி பாட்டம் ஆஃப் தி சீ' என்ற படத்துக்கு நாவல் எழுதியவர்.

இரண்டாவது: கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

எல்லாவற்றையும் டை-இன் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம்.

நாவலாக்கம் என்பது ஒரு வகை. படத்தின் கதையையே நாவலாக எழுதுவது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், எழுதுபவர் பெரும்பாலும் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். படம் வெளியாகும்போது புத்தகமும் கடையில் இருக்க வேண்டும் என்பதால், படம் முடிவதற்குப் பல மாதம் முன்பே திரைக்கதையை மட்டும் வைத்து எழுதியாக வேண்டும். 'ஏலியன்' (1979) படத்தின் நாவலை எழுதிய ஆலன் டீன் ஃபாஸ்டருக்கு அந்த ஜந்து எப்படி இருக்கும் என்பதையே காட்டவில்லை. அதனால் அதை விவரிக்காமலே பயமுறுத்த வேண்டிய நிலை. "நாவலில் இது படத்தில் இருப்பதுபோல் இல்லையே" என்று குறை சொல்லும் முன் இதை யோசியுங்கள். இதே காரணத்தால், படத்தொகுப்பில் வெட்டப்பட்ட காட்சிகள் நாவலில் உயிரோடு இருக்கும். முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், நாயகன் லூக் தன் நண்பன் பிக்ஸைச் சொந்த கிரகத்தில் சந்திக்கும் காட்சி வெட்டப்பட்டது, நாவலில் இருக்கிறது. அந்த நாவல் வெளியானது 1976-இன் கடைசியில். படம் வந்தது 1977 மே மாதம். அட்டையில் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயர் இருந்தாலும் எழுதியவர் ஃபாஸ்டர்தான்.

இன்னொரு வகை, அந்த உலகத்தில் நடக்கும் முற்றிலும் புதிய கதை. என் அனுபவத்தில் நல்லவை அதிகம் கிடைப்பது இங்கேதான். மூன்றாவது, திரையில் வருவதற்கு முன்னோட்டமாக எழுதப்படுவது. 'ஹேலோ' விளையாட்டு 2001-இல் வருவதற்குச் சற்று முன் வெளியான எரிக் நைலண்டின் 'தி ஃபால் ஆஃப் ரீச்' அப்படிப்பட்டது.

காணாமல்போனதைக் காப்பாற்றிய நாவல்களும் இருக்கின்றன. 'டாக்டர் ஹூ' தொடரின் 1960-களின் அத்தியாயங்கள் பலவற்றின் ஒளிப்பதிவு நாடாக்களை ஒளிபரப்பு நிறுவனமே அழித்துவிட்டது. வீட்டில் பதிவுசெய்து வைக்க வசதியில்லாத காலம். 1973 முதல் டார்கெட் என்ற பதிப்பு முத்திரையில் வந்த சிறு சிறு நாவல்கள்தான் அந்தக் கதைகளைத் தவறவிட்டவர்களுக்கு இருந்த ஒரே வழி. டெரன்ஸ் டிக்ஸ் மட்டுமே 60-க்கும் மேல் எழுதினார். எளிய நடை, குறைந்த பக்கம். "குழந்தைகள் புத்தகம்" என்று அவற்றை ஒதுக்குவோர் உண்டு. அவற்றைப் படித்து வாசகர்களானவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருக்கிறார்கள்.

மூன்றாவது: எழுத்தாளர் பெயரைப் படியுங்கள், வெளியான ஆண்டைப் பாருங்கள்

இரண்டு நிமிட வேலை. எழுத்தாளர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயங்களை 1967 முதல் கதைகளாக எழுதிய ஜேம்ஸ் பிளிஷ், அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதை 1959-லேயே வாங்கியவர். அதே தொடருக்கு 1981-இல் 'தி என்ட்ரபி எஃபெக்ட்' எழுதிய வோண்டா மெக்கின்டயர் அதற்கு முன்பே ஹ்யூகோ, நெபுலா விருதுகள் இரண்டும் பெற்றவர். அந்தத் தொடரில் விண்கலத்தை ஓட்டும் சூலுவுக்கு ஹிகாரு என்ற முதற்பெயரை வைத்தது அந்த நாவல்தான். பத்து வருடம் கழித்து, 1991-இல் வந்த படத்தில் அந்தப் பெயர் திரையிலும் ஒலித்தது. பெயர் தெரிந்தவர் எழுதினால் கட்டாயம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. "உருப்படியான எழுத்தாளர்கள் இதை எழுத மாட்டார்கள்" என்ற பேச்சு பொய் என்பதற்கு இது போதும்.

ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம், கொஞ்சம் விரிவாக. ஃபாஸ்டர் 1978-இல் 'ஸ்ப்ளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ' என்ற 'ஸ்டார் வார்ஸ்' நாவலை எழுதினார். இன்றைக்கு அதைத் திறப்பவர்களுக்கு இரண்டு அதிர்ச்சி. ஒன்று, முதல் படத்தின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான ஹான் சோலோவே இல்லை. இரண்டு, லூக்குக்கும் இளவரசி லியாவுக்கும் இடையே காதல் சாயல். "இவர் படத்தைப் பார்த்தாரா இல்லையா?" என்று கோபப்பட்டு மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆண்டைப் பார்த்திருந்தால் கோபம் வந்திருக்காது. அவர்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பது 1983-இல் வந்த படத்தில்தான் வெளிப்படுகிறது. 1978-இல் அப்படி ஒரு விஷயமே கதையில் கிடையாது. முதல் படம் சுமாராக ஓடினால், குறைந்த செலவில் இரண்டாம் பாகமாக எடுக்க வசதியாக எழுதச் சொன்ன கதை அது. அதனால்தான் கதை முழுக்க ஒரே மூடுபனிக் கிரகம். பனி இருந்தால் பின்னணிக்குச் செலவு குறைவு. ஹான் சோலோவாக நடித்தவர் அடுத்த படத்துக்கு அப்போது ஒப்பந்தமாகவில்லை, அதனால் அந்தப் பாத்திரமும் இல்லை. இவ்வளவும் தெரிந்து படித்தால் அது வேறு புத்தகமாகிவிடுகிறது. எடுக்கப்படாமலே போன ஒரு படத்தை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான்காவது: எந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டை-இன் எழுத்தாளருக்குப் பாத்திரங்கள் சொந்தமில்லை. பெரும்பாலும் எழுதிய நாவலின் உரிமைகூட அவருக்கு இருக்காது. முதலில் கதைச்சுருக்கம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும், பிறகு முழுப் பிரதிக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். கதாநாயகனைக் கொல்ல முடியாது. அடுத்த வாரம் அவர் திரையில் வரவேண்டுமே. அதனால்தான் பல நாவல்களின் முடிவில் எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. இது உண்மையான குறை. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கெட்டிக்கார எழுத்தாளர் இந்த வேலிக்குள் காலி நிலம் எங்கே இருக்கிறது என்று தேடுவார். திரையில் ஓரமாக நிற்பவர்கள், இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள வருடங்கள், எதிரியின் பக்கம். ஜான் எம். ஃபோர்டு 1984-இல் எழுதிய 'தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்' இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம். 'ஸ்டார் ட்ரெக்' நாவல்தான், ஆனால் கதை ஒரு கிளிங்கானின் பார்வையில் நகர்கிறது. அன்றைக்குத் திரையில் கிளிங்கான்கள் முறைத்துக்கொண்டு வரும் வில்லன்கள், அவ்வளவே. ஃபோர்டு முதலில் காட்டுவது ஒரு ஆட்டத்தை. சதுரங்கம் போன்ற ஆட்டம்; பெயர் கிளின் ஸா. அதை உயிருள்ள காய்களை வைத்து ஆடுகிறார்கள், காயாக நிற்பவர்களில் ஒருவன்தான் நம் நாயகன், பெற்றோர் இல்லாத சிறுவன். காய்கள் நிஜமாகவே மோதிக்கொள்கின்றன. யாரும் உட்கார்ந்து "எங்கள் பண்பாடு இப்படிப்பட்டது" என்று விளக்குவதில்லை. அந்தச் சிறுவன் எப்போது நகர்கிறான், எதற்காகக் காத்திருக்கிறான் என்பதைப் பார்த்தே அந்த இனத்தின் மனம் நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. தொடரின் வழக்கமான நாயகர்கள் கதைக்குள் கிட்டத்தட்ட வருவதே இல்லை. பிற்காலத்தில் திரை கிளிங்கான்களுக்கு வேறொரு பண்பாட்டைக் கொடுத்தது. அதனால் இந்த நாவலின் பெருமை எனக்குக் குறைந்ததே இல்லை.

ஐந்தாவது: ஐம்பது பக்கம் கொடுங்கள்

முழுதாகப் படித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். ஐம்பது பக்கம் போதும். படிக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

உரையாடல் உள்ள ஒரு பக்கத்தை எடுத்து, பெயர்களை விரலால் மறைத்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரிகிறதா? தெரிந்தால் எழுத்தாளர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அடுத்து, பாத்திரம் தனியாக இருக்கும் ஓர் இடத்தைத் தேடுங்கள். நாவலால் மனதுக்குள் போக முடியும், கேமராவால் முடியாது. அந்த வசதியைப் பயன்படுத்தாத நாவல் வெறும் வசனப் பிரதிதான். ஆண்ட்ரூ ராபின்சன் என்ற நடிகர், 'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் தான் நடித்த காரக் என்ற ஒற்றனின் வாழ்க்கையை 2000-இல் 'எ ஸ்டிச் இன் டைம்' என்ற நாவலாக எழுதினார். தொடர் முழுக்க உண்மையை மறைத்தே பேசும் அந்த ஆள், நண்பருக்கு எழுதும் கடிதமாக முதல்முறை மனம் திறக்கிறார். பல வருடம் அந்தப் பாத்திரமாக வாழ்ந்தவருக்கே கைவரும் எழுத்து அது.

மோசமானவற்றின் அடையாளங்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மோசமானவை நிறைய உண்டு. பழைய அத்தியாயங்களை நினைவூட்டுவதற்கென்றே பத்தி பத்தியாகப் போவது. தெரிந்த பெயர்களைச் சும்மா தூவுவது. பாத்திரத்தின் முகத்தை விளம்பரப் படத்தைப் பார்த்து எழுதியதுபோல் வர்ணிப்பது. ஐம்பது பக்கத்துக்குள் இதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மனச்சாட்சி உறுத்தாமல் மூடி வைக்கலாம். அது முன்முடிவு ஆகாது, படித்துச் சொன்ன தீர்ப்பு.

ஆறாவது: 'கேனன்' கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

கேனன் என்றால், அந்த உலகத்தில் உண்மையாக நடந்தது என்று உரிமையாளர் ஒப்புக்கொள்வது. புதியவர்களைப் பயமுறுத்துவதில் இதற்கு இணையே இல்லை. "அது கேனன் இல்லை, படிக்காதே" என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள்.

2014 ஏப்ரலில் 'ஸ்டார் வார்ஸ்' படங்களைத் தயாரிக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், அதுவரை வந்த 'ஸ்டார் வார்ஸ்' நாவல்களின் கதைகள் இனி அதிகாரபூர்வ வரலாற்றில் சேராது என்று அறிவித்தது. அவற்றுக்கு 'லெஜண்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாகப் படித்து வந்தவர்களுக்கு அது பெரிய அடி. அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பின் என்ன நடந்தது என்று பாருங்கள். திமோத்தி ஸான் 1991-இல் எழுதிய 'ஏர் டு தி எம்பயர்' நாவலில் த்ரான் என்ற தளபதி வருகிறார். எதிரியின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஆராய்ந்து, அவர்கள் போரில் எங்கே தடுமாறுவார்கள் என்று கணிப்பவர். அந்த நாவல் ஒதுக்கப்பட்டது, த்ரான் ஒதுங்கவில்லை. 2016-இல் அனிமேஷன் தொடரிலும், 2023-இல் நடிகர்கள் நடித்த தொடரிலும் திரும்பி வந்தார். பேரரசின் தலைநகரான கிரகத்துக்குக் கோரஸாண்ட் என்ற பெயரும் அதே நாவலிலிருந்து வந்ததுதான்.

'டாக்டர் ஹூ' இன்னும் ஒரு படி மேலே போனது. 1989-இல் தொடர் நின்றது. 1991 முதல் 1997 வரை, தொடரைத் தாங்கிப் பிடித்தவை புதிய நாவல்கள். 2005-இல் தொடரை மீட்டுக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸ் அந்த வரிசையில் ஒரு நாவல் எழுதியவர். பால் கார்னெல் 1995-இல் எழுதிய 'ஹியூமன் நேச்சர்' நாவலில், தொடரின் நாயகனான டாக்டர் தான் யார் என்பதையே மறந்து, முதல் உலகப்போருக்குச் சற்று முன் ஒரு பள்ளியில் சாதாரண மனித ஆசிரியராக வாழ்கிறார். 2007-இல் கார்னெலே அதைத் தொலைக்காட்சிக்கு எழுதினார். "வெறும் டை-இன்" என்று சிலர் தள்ளிய நாவல், தொடரின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்றாக இன்று பேசப்படுகிறது. ஆக, இன்று கேனன் இல்லாதது நாளை ஆகலாம், ஆனது போகலாம். படித்து முடித்த பிறகு, ஆர்வம் இருந்தால் தேடிக்கொள்ளுங்கள்.

படித்த பின் எப்படிப் பேசுவது

சீட்டை எடுங்கள். எழுதியதில் எது சரியாக இருந்தது, எது தவறு என்று பக்கத்திலேயே குறியுங்கள். பிடிக்கவில்லை என்றால் "இந்த நாவல் பிடிக்கவில்லை, இந்த இடத்தில் சறுக்குகிறது" என்று சொல்லுங்கள். "டை-இன் என்றாலே இப்படித்தான்" என்று மட்டும் வேண்டாம். உங்கள் வாய்ச்சொல்தான் அடுத்தவருடைய சீட்டில் 'கேள்விப்பட்டது' என்று ஏறப்போகிறது.

இந்தத் துறைக்கென்றே ஒரு விருதும் இருக்கிறது. டை-இன் எழுத்தாளர்களின் சர்வதேசச் சங்கம் வழங்கும் ஸ்க்ரைப் விருதுகள். எதைப் படிப்பது என்று தெரியாதபோது அந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால்: உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த உலகத்தில், உங்களுக்குப் பிடித்த ஓரப் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றிய நாவலைத் தேடுங்கள். வரிசை எண் 1 என்று போட்டிருப்பதால் மட்டும் அங்கே தொடங்காதீர்கள். 'தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்' தனியாக நிற்கும், தொடர் தெரியாதவரும் படிக்கலாம். 'எ ஸ்டிச் இன் டைம்' நாவலுக்குத் தொடரைப் பார்த்திருப்பது நல்லது. ஸானின் நாவலை எடுத்தால் மூன்றையும் சேர்த்தே எடுங்கள். 1991, 1992, 1993 என்று மூன்று வருடத்தில் வந்த ஒரே கதை அது, முதல் புத்தகம் பாதியில்தான் நிற்கும்.